தொடக்கக் காட்சியையே ட்ரெய்லராக வெளியிடலாமா?

கேள்வி:
வணக்கம். நாங்கள் எடுத்து முடித்திருக்கும் படத்தின் தொடக்கக் காட்சியில், ஒரு பெண் கையில் சாவியுடன் மாடிப்படி ஏறி, பூட்டிய கதவின் முன் வெகுநேரம் நின்று, திறக்காமலே இறங்கிவிடுகிறாள். இதையே சற்றுக் குறைத்து ட்ரெய்லராக வெளியிடலாம் என்கிறார் தயாரிப்பாளர். இரண்டுமே ரசிகரை ஈர்க்கத்தானே என்பது அவர் வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

பதில் 1:
தொடக்கக் காட்சியைப் பார்ப்பவர், படம் பார்ப்பதென்று முடிவு செய்து உட்கார்ந்தவர். ட்ரெய்லரைப் பார்ப்பவர் இன்னும் முடிவு செய்யாதவர். முன்னவர் பொறுமையோடு வந்திருப்பதால், படம் எந்த வேகத்தில் நகரும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு அவரைப் பழக்குவதே தொடக்கக் காட்சியின் வேலை. செர்ஜியோ லியோனி 1968இல் இயக்கிய 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தின் தொடக்கத்தில் மூன்று பேர் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். காற்றாலை கிறீச்சிடுகிறது, ஒருவரின் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, இன்னொருவரின் முகத்தில் ஈ ஊர்கிறது, ஏறக்குறையப் பேச்சே இல்லாமல் நிமிடங்கள் கழிகின்றன. அந்த நீளம்தான் அந்தக் காட்சியின் பொருள். உங்கள் காட்சியையும் குறைத்தால், ஒரு பெண் ஏறி இறங்கினாள் என்ற தகவல் மட்டுமே மிஞ்சும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் விதிவிலக்கு உண்டு. 'தி டார்க் நைட்' 2008 ஜூலையில் வெளியாவதற்குப் பல மாதங்கள் முன்பே, அதன் தொடக்க வங்கிக் கொள்ளைக் காட்சி 2007 டிசம்பரில் ஐமேக்ஸ் திரையரங்குகளில் தனியாகக் காட்டப்பட்டது. முகமூடிக்காரர்கள் ஒருவரையொருவர் தீர்த்துக்கட்ட, கடைசியில் எஞ்சுபவர் யார் என்பது தெரிந்துவிடுவதால், அதற்குள்ளேயே ஒரு சிறுகதை முடிந்துவிடுகிறது. உங்கள் காட்சியோ வேண்டுமென்றே முடிக்கப்படாதது. அதைத் தனியாகப் பார்ப்பவருக்குக் குழப்பமே எஞ்சும் என்று அஞ்சுகிறேன்.

பதில் 3:
ட்ரெய்லரில் படத்தின் காட்சி இருந்தே ஆகவேண்டும் என்பதுகூட இல்லை. 'சிட்டிசன் கேன்' படத்துக்கு அதன் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தயாரித்த முன்னோட்டத்தில் படத்தின் ஒரு ஷாட்கூடக் கிடையாது. அவர் முகம் காட்டாமல் குரலால் மட்டும் நடிகர்களை அறிமுகப்படுத்துகிறார். ஒலியையும் தயாரிப்பாளருக்கு நினைவூட்டுங்கள். ட்ரெய்லரில் பெரும்பாலும் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெட்டுகளின் இடத்தை இசைதான் தீர்மானிக்கிறது; உங்கள் காட்சியை அவளுடைய காலடியோசை நடத்திச் செல்கிறது என்றால், மேலே இசையைப் போட்டதும் அது செத்துவிடும். சாவியும் கதவும் உள்ள ஒரே ஒரு ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் படத்தின் பிற பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். அவள் திறக்காமல் இறங்குவது திரையரங்கில்தான் முதன்முதலாகத் தெரியவேண்டும்.