சிங்கப்பூர்ல பழைய டொயோட்டா 86 காரு, 89,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நியாயமா?

மேனுவல்_பிரியன்:
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாள் ஆசை, ஒரு ரியர் வீல் டிரைவ் மேனுவல் வாங்கணும்னு. ரெண்டு 86 பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு 2012 வண்டி, 2022ல சிஓஇ (வண்டி வெச்சிருக்க அரசு குடுக்குற உரிமச் சான்றிதழ்) பத்து வருசத்துக்கு புதுப்பிச்சது, இன்னும் 6 வருசம் இருக்கு, 89,000 கேக்குறாரு. இன்னொண்ணு 2013, அஞ்சு வருச சிஓஇ, ரெண்டரை வருசம் பாக்கி, 48,000. பாத்தா ரெண்டாவதுதான் பாதி விலைக்கு வருது, வீட்டுலயும் அதையே வாங்குங்கிறாங்க. எது சரியான விலைன்னு எப்படி கணக்கு போடுறீங்க?

காக்கிபுக்கிட்_மாமா:
தம்பி, மொத்த விலைய பாக்காதீங்க, வருசத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. 89,000 வகுத்தல் 6, ஏறக்குறைய 14,800. 48,000 வகுத்தல் ரெண்டரை, 19,200. மலிவுன்னு நெனச்சதுதான் விலை கூடுதல். அதுவும் போக அஞ்சு வருசம்னு புதுப்பிச்ச சிஓஇய மறுபடி புதுப்பிக்க முடியாது, அந்த காலம் முடிஞ்சதும் வண்டி ஸ்கிராப்தான். பத்து வயசு தாண்டின வண்டிங்கிறதால ரெண்டுக்குமே பார்ஃப் பணம் (வண்டிய ஸ்கிராப் பண்ணும்போது அரசு திருப்பி குடுக்குறது) கிடையாது, அத எதிர்பாத்து உக்காராதீங்க.

அடுத்து பேப்பர் காச, அதாவது சிஓஇக்கு கட்டின பணத்த, தனியா பிரிங்க. 2022ல புதுப்பிக்க அவரு எவ்வளவு கட்டினாருன்னு கேளுங்க. ஒரு லட்சம்னு வெச்சுக்கிட்டா 6 வருசத்துக்கு 60,000 பேப்பர்லயே நிக்குது, நாளைக்கே வண்டி பதிவ ரத்து பண்ணாலும் (டீரெஜிஸ்டர்) அது திரும்ப வரும். ஆக நீங்க இரும்புக்கு, அதாவது வண்டிக்கு மட்டும், குடுக்குறது 29,000. பேரம் பேச வேண்டியது அந்த 29,000லதான் லா, சிஓஇல ஒரு காசு கொறைக்க மாட்டாரு.

எஃப்ஏ20_அனுபவஸ்தன்:
மாமா கணக்கு கரெக்ட், ஆனா இரும்பு 29,000 பெறுமான்னு யாரு பாக்குறது. நானும் ஒண்ணு வெச்சிருந்தேன். 2018 கடைசில 2012, 13 வண்டிங்களுக்கு வால்வ் ஸ்பிரிங் ரீகால் (கம்பெனியே வண்டிய திரும்ப கூப்பிட்டு பழுத சரி பண்றது) வந்துச்சு, அதுக்கு இன்ஜின இறக்கி பிரிக்கணும், பிரிச்சவன் சரியா மூடலன்னா கத கந்தல். அதனால சேசிஸ் நம்பர குடுத்து உங்க வண்டி அதுல வருதான்னு கேளுங்க, வந்துச்சுன்னா யாரு செஞ்சான்னு பில்லு பாருங்க. காலைல இன்ஜின் சில்லுனு இருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க. சில்வண்டு மாதிரி கிரிச் கிரிச்சுனு சத்தம் இந்த இன்ஜின்ல சகஜம், அதுக்கு பயப்பட வேணாம், டொக் டொக்குனு அடிச்சா நடைய கட்டுங்க. மலேசியாவுல செப்பாங் ரேஸ் டிராக்குல ஓட்டினாரான்னு நேரா கேட்டுருங்க, பாதி பேரு பெருமையா ஒத்துக்குவாங்க 😂

அப்புறம் எக்ஸாஸ்ட். வருசா வருசம் இன்ஸ்பெக்‌ஷன் போகணும், எக்ஸாஸ்ட மாத்தியிருந்தா, பழைய கம்பெனி எக்ஸாஸ்ட் கையோட தரலன்னா வெலைய கொறைங்க. மாடிஃபிகேசனுக்கு 15,000 செலவு பண்ணேன்னு சொல்லுவாரு, அது அவரு ஆசைக்கு செஞ்சது, நீங்க ஏன் கட்டணும்.

காக்கிபுக்கிட்_மாமா:
ரோட் டாக்ஸும் இருக்கு. 2 லிட்டருக்கு சாதாரணமா வருசம் 1,200 சொச்சம், 14 வயசு தாண்டினா அதுக்கு மேல 50 சதவீதம் கூடுதல், 1,800 பக்கம் வரும். இன்சூரன்ஸ் கொட்டேசன் எடுத்துட்டு அப்புறம் டெபாசிட் குடுங்க, வயசான ஸ்போர்ட்ஸ் காருன்னா சில கம்பெனி கதவையே தொறக்க மாட்டான்.

மேனுவல்_பிரியன்:
ரொம்ப நன்றி மாமா, ப்ரோ. முதல் வண்டிய நேத்து பாத்தேன். காலைல ஏழு மணிக்கே போனேன், ஆனா நான் போறதுக்குள்ள அவரு ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வெச்சிருந்தாரு. 83,000ன்னு கேட்டேன், 87க்கு கீழ எறங்கல. சனிக்கிழமை சாவிய தொடாம வெச்சிருங்க, நான் வந்து ஸ்டார்ட் பண்றேன், அப்புறம் விலை பேசலாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னும் பதில் வரல.