பார்க் பெஞ்ச்ல உடைஞ்ச டைல்ஸ் பதிச்சா வெயில் மழைக்கு நிக்குமா?

தெருக்கோடி வீடு:
போன மாசம் சண்டிகர் போனப்ப ராக் கார்டன் பாத்தேன், இன்னும் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கு. உடைஞ்ச வளையல், பீங்கான், டைல்ஸ், பழைய பிளக் சாக்கெட் வரைக்கும் சிமெண்ட்ல பதிச்சு ஆளுங்க மிருகங்கன்னு வரிசையா நிக்க வச்சிருக்காங்க. எங்க தெரு பார்க்ல 3 சிமெண்ட் பெஞ்ச் வெடிச்சு கெடக்கு, வீடு வீடா உடைஞ்ச டைல்ஸ் வாங்கி அதுல ஒட்டலாம்னு ஆசை. ஆனா மேஸ்திரி ஒரு மழைக்கே உதிர்ந்துடும்ங்கறார். அப்புறம் அங்க மட்டும் எப்படி இத்தனை வருஷம் நிக்குது?

கரண்டி பிடிச்ச கை:
ஒட்டறது வேற, பதிக்கறது வேற சார். அங்க வளையல் சிமெண்ட்டுக்குள்ளயே அமுங்கி இருக்கு. வழுவழு விட்ரிஃபைடு டைல்ஸ், அதான் தரைக்கு போடற கெட்டி டைல்ஸ், தண்ணியே குடிக்காது, வெறும் சிமெண்ட் பால்ல ஒட்டினா மேஸ்திரி சொன்னதுதான் நடக்கும், அதுக்கு டைல் பசை தனியா விக்கறாங்க. சுவத்து டைல்ஸ்னா முதுகு மண்ணு, நல்லா ஊற வச்சு பதிச்சா பிடிச்சுக்கும். முக்கியமா வெடிப்பு மேல அப்படியே பதிக்காதீங்க, அடி அசைஞ்சா மேலயும் வெடிக்கும். வெடிப்பை அடைச்சு, பெயிண்ட்டை சுரண்டி, உளியால கொத்தி விட்டுட்டு ஆரம்பிங்க. ஓரத்தை எல்லாம் தேய்ச்சுடுங்க, பிள்ளைங்க உக்கார்ற இடம். கருப்பு டைல்ஸ் வேணாம், மத்தியான வெயில்ல தொட முடியாது.

ஊர்சுத்தி:
ராக் கார்டன் கட்டின நேக் சந்த் ரோடு இன்ஸ்பெக்டர். புது நகரத்துக்காக இடிச்ச ஊருங்கள்ல கெடந்ததை பொறுக்கிட்டு வந்து 1957ல இருந்து காட்டுக்குள்ள யாருக்கும் தெரியாம செஞ்சிருக்கார். அரசு நிலம், விஷயம் வெளிய வந்தப்ப இடிக்கற நிலைமை, ஜனங்க கூட நின்னதாலதான் 1976ல பார்க்கா திறந்தாங்க, அப்புறம் அவருக்கே சம்பளமும் 50 ஆளும் குடுத்தாங்க. அதனால நீங்க மொதல்ல மாநகராட்சில எழுதி வாங்கிடுங்க, பாடுபட்டு செஞ்சதை ஒரு நாள் வந்து இடிச்சா தாங்காது.
ஸ்பெயின்ல பார்சிலோனா பார்க் குவெல்ல கௌடிங்கற கட்டிடக் கலைஞர் கட்டின நீள பெஞ்ச் படத்தையும் பாருங்க, பாம்பு மாதிரி வளைஞ்சு போகும், டைல்ஸ் வேலை அவர் கூட இருந்த ஜூஜோல் செஞ்சது. வளைவுல முழு டைல்ஸ் உக்காராது, சில்லா உடைச்சாதான் படியும். அங்க படிக்கட்டுல இருக்கற டைல்ஸ் பதிச்ச பல்லி சிலையை 2007ல யாரோ உடைச்சுட்டாங்க, சரி பண்ணிட்டாங்க. நீங்களும் மிச்ச சில்லை ஒரு சாக்குல கட்டி வைங்க, பின்னாடி விழுந்தா அதே கலர் கிடைக்காது.

தெருக்கோடி வீடு:
ரொம்ப நன்றி. லெட்டர் நாளைக்கே எழுதறேன், மொதல்ல ஒரு பெஞ்ச் மட்டும் செஞ்சு ஒரு மழைக்காலம் பாத்துட்டு மத்தது. பக்கத்து வீட்டு பாட்டி ஒரு டப்பா கண்ணாடி வளையல் குடுத்திருக்காங்க, அதை வைக்கலாமா?

கரண்டி பிடிச்ச கை:
உக்கார்ற எடத்துலயும் சாயற எடத்துலயும் வேணாம், கண்ணாடி கிழிச்சுடும். முதுகுக்கு பின்பக்கம் வைங்க, ஈரம் காயறதுக்குள்ள முனை வெளிய தெரியாம பாதிக்கு மேல அமுக்கிடணும். பாட்டியையே முதல் வளையலை வைக்க சொல்லுங்க.