குடல்வால் எடுத்து 6 வருஷம் கழித்துக் குடல் அடைப்பு வருமா?

அம்பைக்காரன்: முந்தாநாள் மத்தியானம் சொதி சாப்பிட்ட அப்பா ராத்திரி முழுக்கப் பச்சைப் பச்சையாக வாந்தி, வயிறு பானை மாதிரி உப்பி, காற்றுகூடப் பிரியவில்லை. பாளையங்கோட்டையில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, குடல் ஒட்டியிருக்கிறது என்கிறார்கள். பழைய ஆபரேஷனில் தப்பா?

ஆற்றங்கரை: தப்பு என்று சொல்ல முடியாது அண்ணாச்சி. உள்ளே ஆறும்போது நார் மாதிரி தழும்பு வளர்ந்து குடலை இழுத்துப் பிடிக்கும், எத்தனை வருஷம் கழித்தும் அடைக்கும். பல பேருக்குக் குழாயும் டிரிப்ஸுமே போதும். வலி விடாமல் இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் காத்திருக்காதீர்கள், குடலுக்கு ரத்தம் நின்றிருக்கலாம்.

வார்டு நர்ஸ்: சி.டி. எடுத்தாச்சா? அபூர்வமாக, பிறவியிலேயே சிறுகுடலில் இருக்கும் மெக்கல் பையும் இப்படி அடைக்கும்.

அம்பைக்காரன்: எடுத்தாச்சு, ஒட்டல்தான். இன்று காலை காற்று பிரிந்தது, வார்டே சிரித்தது!