புதுப்பிப்பு: எங்க திங்கள்கிழமை மீட்டிங் இப்போ எப்படி நடக்குது

நாகர்கோவில் ஆபீஸும் குலசேகரம் ரப்பர் ஷீட் குடோனும் சேர்ந்து போடுற மீட்டிங் இழுத்துக்கிட்டே போகுது, முடிவு ஒண்ணும் நிக்கலன்னு முன்னாடி எழுதியிருந்தேன். இப்போ நிலவரம் நல்லாவே மாறியிருக்கு.

கூகுள் காலண்டர் செட்டிங்ஸ்ல 'ஸ்பீடி மீட்டிங்ஸ்' ஆன் பண்ணோம். புதுசா போடுற 30 நிமிஷ மீட்டிங் 25 ஆகும், ஒரு மணி நேரம் 50 ஆகும். ஆனா நிஜமா கைகொடுத்தது கூகுள் டாக்ஸ்தான். பேச வேண்டியதை முந்தின நாளே ஒரே ஃபைல்ல எல்லாரும் எழுதிடுறோம். முடிவான வரியிலேயே கமெண்ட் போட்டு ஒருத்தர் பேர்ல அசைன் பண்ணா, அவருக்கு மெயில் போயிரும். "குடோன் கூரை ஒழுகுது, தார்பாய், வியாழனுக்குள்ள"ன்னு குடோன் அண்ணன் பேர்ல போட்டது புதன்கிழமையே முடிஞ்சிட்டு!

மீட்டிங்ல வாயே திறக்காத புதுப் பிள்ளைங்களும் இப்போ ஃபைல்ல எழுதுறாங்க. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.