ஹால் சுவத்துல ஓதம் (தண்டையார்பேட்டை வீட்டு குரூப்)

ஞாயிறு

நான் (7:42): 📷 ஹால் சுவர். போன தீபாவளிக்கு அடிச்ச பெயிண்ட். கை வெச்சா உப்பு மாவா கொட்டுது

தம்பி: இன்னாண்ணே, அப்பளம் பொரிஞ்ச மாதிரி கீது

அக்கா: எவ்ளோ உசரத்துக்குடா?

நான்: தரையிலருந்து ரெண்டடி. அதுக்கு மேல காய்ஞ்சுதான் இருக்கு. பெயிண்டர் பாத்துட்டு, உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் ரெண்டு கோட்டிங் குடுத்தா நின்னுடும்னாரு

கொளத்தூர் மாமா: குடுக்காதே

கொளத்தூர் மாமா: அந்த சுவருக்கு வெளிய என்ன இருக்கு?

நான்: முன்வாசல் தளம் மாமா. போன வருசம் ரப்பிஸ் (கட்டட இடிபாடு) கொட்டி உசத்தி டைல்ஸ் போட்டோமே

கொளத்தூர் மாமா: அதான் கேட்டேன். ஹால் தரைக்கும் வெளித் தளத்துக்கும் இப்ப எவ்ளோ வித்தியாசம்? டேப் வெச்சு சொல்லு

நான்: ரெண்டு இன்ச். முன்ன முக்காலடி இருந்துச்சு

கொளத்தூர் மாமா: உங்கப்பா கட்டும்போதே கடைக்காலுக்கு மேல டி.பி.சி. (ஈரம் ஏறாம தடுக்கற பட்டை) போட்டுத்தான் சுவர் எடுத்தாரு. கீழ இருக்கற ஈரம் அந்தப் பட்டையைத் தாண்டி ஏறாது. வெளித் தளம் எப்பவும் அதுக்கு அரை அடி கீழ இருக்கணும். மழை தரையில விழுந்து சுவத்து மேல தெறிக்கும் பாரு, அதுக்கும் சேத்துத்தான் அந்த அரை அடி. நீங்க ரப்பிஸ் கொட்டி அந்தப் பட்டையையே பொதைச்சிட்டீங்க. இப்ப தண்ணி பட்டைக்கு மேல இருக்கற செங்கல்ல நேரா எறங்குது. உள்ள கோட்டிங் அடிச்சா ஈரம் போக வழியில்லாம இன்னும் மேல ஏறும். அடுத்த வருசம் நாலடிக்கு பெயிண்ட் அடிப்பே

தம்பி: உசத்தலன்னா வூட்டுக்குள்ள தண்ணி வருமே மாமா. ரோடு போட்டு போட்டு தெரு ஒரு அடி ஏறிடிச்சி. மிக்ஜாம் புயல் அப்போ கட்டில் கால் வரைக்கும் நின்னுச்சு, மறந்துட்டீங்களா

கொளத்தூர் மாமா: மறக்கல. தெருத் தண்ணிய கேட்டுல தடுக்கணும்டா. கேட் கிட்ட மட்டும் அரை அடி திட்டு கட்டியிருந்தா போதும். அதுக்காக வாசல் முழுசையும் யாரு தூக்குவா?

அம்மா: 🎤 0:51

அக்கா: கேக்க நேரமில்லாதவங்களுக்கு: தளத்த ஒடைச்சா கோலம் போட எடம் போயிடும், துளசி மாடத்த யாரும் தொடக்கூடாது. மீதி 40 செகண்டும் அப்பா இருந்திருந்தா இப்படி நடந்திருக்காதுன்னு

கொளத்தூர் மாமா: @அம்மா அக்கா, சுவர் ஓரமா ஒரு அடி அகலம் மட்டுந்தான் ஒடைக்கணும். மாடம் அப்படியே இருக்கும்

கொளத்தூர் மாமா: மொதல்ல ஒரு பக்கெட் தண்ணிய தளத்துக்கு நடுவுல ஊத்து. எந்தப் பக்கம் ஓடுதுன்னு சாக்பீஸ்ல கோடு போடு

நான் (8:30): 📷 பாதி தண்ணி சுவத்துக்கே வருது மாமா. டைல்ஸும் சுவரும் சேர்ற எடத்துல மயிரிழை விரிசல், அதுல உறிஞ்சிக்கிட்டே இருக்கு. நான் பாக்க பாக்க எறங்குச்சு

கொளத்தூர் மாமா: வாட்டம் தலைகீழ். 10 அடிக்கு ஒன்றரை இன்ச்சாவது சுவத்தை விட்டு வெளிய சரியணும். ரசமட்டம் வெச்சு சரிவு பாக்காத மேஸ்திரி போட்ட தளம் இப்படித்தான்

தம்பி: விரிசல்ல வெள்ளை சிமெண்ட் அடைச்சா?

கொளத்தூர் மாமா: ஒரு வெயில் தாங்காது. தளம் சூட்டுல விரியும், ராவுல சுருங்கும், மறுபடி வாய் தொறக்கும்

கொளத்தூர் மாமா: நான் சொல்றத செய். கட்டர் போட்டு சுவர் ஓரம் ஒரு அடி அறுத்து எடு. டி.பி.சி. கண்ணுல படற வரைக்கும் தோண்டு, அதுக்குக் கீழ இன்னும் அரை அடி. அடியில லேசா கான்கிரீட் போட்டு ஒரு பக்கமா வாட்டம் விடு. கேட் ஓரம் 2003ல கட்டாயம்னு கட்டின மழைநீர் தொட்டி இருக்கே, அதுக்கு ஒரு பைப்பு எடுத்து விடு. மேல முக்கால் இன்ச் ஜல்லி. பைப்பு இல்லாம ஜல்லிய மட்டும் கொட்டினா நீயே குளம் வெட்டின மாதிரி ஆயிடும். மீதி டைல்ஸையும் பேத்து வாட்டம் மாத்திக்கோ. ஐப்பசிக்கு முன்ன முடி

அக்கா: உள்ள பூச்சு?

கொளத்தூர் மாமா: ஈரம் ஏறின கோட்டுக்கு மேல ஒரு அடி வரைக்கும் கொத்தி எடுக்கணும். அந்தப் பூச்சுல உப்பு ஊறியிருக்கு. கடல் காத்துல இருக்கற ஈரத்தை அதுவே இழுக்கும். வெளிய சரி பண்ணிட்டு செங்கல்ல அப்படியே காய விடு. 9 இன்ச் சுவர், மாசக்கணக்கா ஆகும்

அக்கா: அது வரைக்கும் விருந்தாளிங்க செங்கல்ல பாக்கணுமா 🤦‍♀️

நான்: காலண்டர் மாட்டிடுவோம்

அடுத்த சனி

நான் (11:15): 📷 மாமா, இதானா? ரப்பிஸ் எடுத்தோம், நாலு இன்ச் கீழ சாம்பல் கலர்ல ஒரு பட்டை, முக்கால் இன்ச் தடிப்பு, சுவர் நீளத்துக்கும் ஓடுது

கொளத்தூர் மாமா: அதேதான். அதுக்கு மேல செங்கல் எப்படி இருக்கு?

நான்: கறுத்து ஈரமா இருக்கு. ஸ்க்ரூடிரைவர்ல குத்தினா பூச்சு உதிருது

அம்மா: 🎤 0:09

அக்கா: கோலத்த கேட் கிட்ட போட்டுக்குறாங்களாம். ஜல்லியில யாரும் செருப்பு விடக்கூடாதாம்

கொளத்தூர் மாமா: ஜல்லி கொட்றதுக்கு முன்ன மறுபடி ஒரு பக்கெட் ஊத்தி படம் அனுப்பு. பெயிண்டருக்கு இப்ப போன் போட்டுடாதே