வயல் வீட்டுக்கு எந்த நாய் சரிப்படும்?

வணக்கங்க, மன்னார்குடி பக்கம் கிராமம், வயல ஒட்டி வீடு, சம்பா நட்டாச்சுன்னா சுத்தி தண்ணியும் பாம்புமா தான் கெடக்கும், வீட்ல அப்பா அம்மா, யூகேஜி படிக்கிற பொண்ணு. தம்பி ராஜபாளையம் தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், ஆனா அது வேட்டை நாய், தெனமும் நல்லா ஓடவிடணும், ஒரே ஆளுகிட்ட தான் ஒட்டும்ங்கிறாங்க, வெள்ளைக் குட்டிங்கள்ல சிலதுக்கு காதும் கேக்காதாம். வாங்குறப்ப பின்னாடி நின்னு கை தட்டிப் பாத்தா போதுமா?

சிப்பிப்பாறைன்னா கோழிய விட்டு வைக்குமா? எனக்கென்னமோ நாட்டுக்குட்டியே போதும்னு தோணுது (காசும் மிச்சம்), 2 மாசம் தாய்ப்பால் குடிச்சப்புறம் தூக்கிட்டு வந்து பார்வோ (குட்டிங்களுக்கு வர்ற ரத்தக்கழிச்சல் நோய்) ஊசி, 3 மாசத்துல வெறிநாய் ஊசி எல்லாம் ஒரத்தநாடு கால்நடை காலேஜ்ல போட்டுக்கலாம்னு இருக்கேன். ஆணா பொட்டையா, எது பாப்பாவோட நல்லா பழகும்? வளக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.