இதயத் தழும்பைக் காட்டிய எம்.ஆர்.ஐ.: அனுபவப் பகிர்வு

வைகைக்கரையான்:
முப்பது வயதைக்கூடத் தாண்டாத என் தம்பிக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தத்தில் ட்ரோபோனினும் (இதயத் தசை சேதமானால் கசியும் புரதம்) ஏறியிருந்ததால், மாரடைப்பு என்றே கருதி ஆஞ்சியோகிராம் செய்தார்கள். குழாய்களில் அடைப்பே இல்லை. காரணம் அறிய இதய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். படத்தில் வேறுபாட்டைக் காட்டும் காடோலினியம் மருந்தை ஊசிவழி ஏற்றி, 10 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்து எடுத்த படங்களை மருத்துவர் திரையில் காட்டினார். இதயத் தசை கரிய வளையமாகத் தெரிந்தது. அதன் வெளி ஓரத்தில் மட்டும் மெல்லிய வெண்கீற்று. மாரடைப்பின் சேதம் சுவரின் உட்புறத்தில் தொடங்கி வெளிநோக்கிப் பரவும் என்றும், இங்கே உட்புறம் தப்பியிருப்பதால் இது தசை அழற்சி என்றும் விளக்கினார். புதிய அழற்சியில் வீக்கமும் வெண்மையாகவே தெரியுமாம். சில மாதங்கள் கழித்து மறுபடி எடுத்தபோது கீற்று சுருங்கியிருந்தது; எஞ்சியதைத்தான் தழும்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பெரியவள்:
எங்கள் அப்பாவுக்கு வந்தது உண்மையான மாரடைப்பு. எக்கோவில் இதயத்தின் முன்சுவர் அசையவே இல்லை. பைபாஸ் செய்து பயன் உண்டா என்று மருத்துவர்களே தயங்கினார்கள். அசையாத தசையெல்லாம் செத்த தசை அல்ல, போதிய ரத்தமின்றி ஒடுங்கிக் கிடப்பதும் உண்டு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் தழும்பு சுவரின் தடிமனில் பாதியை எட்டவில்லை என்று தெரிந்ததும் பைபாஸுக்கு முடிவு செய்தார்கள். தழும்பு எவ்வளவு ஆழமோ, அசைவு மீளும் வாய்ப்பு அவ்வளவு குறைவு என்பதை இதய மருத்துவ ஆய்வாளர் ரேமண்ட் கிம் குழுவினர் 2000-ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அசைவு ஓரளவு திரும்பியது. முழுமையாக என்று சொல்ல மாட்டேன்.

ஸ்கேன் அறை:
நான் ரேடியோகிராபர். காடோலினியம் உயிருள்ள தசைச் செல்களுக்குள் நுழையாது. செல்கள் அழிந்து நார்த்திசு நிறைந்த இடத்தில் தேங்கி, மெதுவாகவே வெளியேறும்; அதனால்தான் அந்த இடம் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. நல்ல தசை கறுப்பாக விழும் நேரத்தை ஆளுக்கு ஆள் கணித்துப் பிடிக்க வேண்டும். அது பிசகினால் தசை சாம்பல் நிறமாகி, சிறு தழும்பு கண்ணில் படாமலே போகலாம். மூச்சை அடக்கச் சொல்வதும் படம் கலங்காமல் இருக்கத்தான். முடியாதவர்கள் முன்பே சொல்லிவிட்டால் அதற்கேற்ற முறையில் எடுப்போம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அறிக்கையை அவசியம் கொண்டு வாருங்கள். மருந்து ஏற்றலாமா என்பதை அதைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.